கிட்னி கல்லுக்கு குடிச்ச எலுமிச்சை, தேஞ்சு போன பல்லு: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு சின்ன விளக்கம் முதல்ல. சம்பந்தப்பட்டவங்க யாருன்னு தெரியக்கூடாதுன்னு பேரு, இடம் எல்லாத்தையும் எடுத்துட்டேன். நான் உணவு ஆலோசகர், இந்த கேஸ்ல பாதியில தான் உள்ள வந்தேன், அதுக்கு முன்னாடி நடந்ததெல்லாம் அவங்க ஃபைல்ல இருந்ததும் அவங்களே சொன்னதும். எழுதிக்கலாமான்னு கேட்டுட்டு தான் எழுதறேன்.

பின்னணி

நாப்பது வயசை தாண்டின ஒரு ஆசிரியை. நாள் முழுக்க நின்னு பேசற வேலை, கிளாஸுக்கு நடுவுல தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணுமேன்னு தண்ணியே தொடாம இருக்கறது அவங்களுக்கு வருஷக்கணக்கா பழக்கம். கிட்னி கல் ரெண்டு தடவ வந்திருக்கு. முதல் தடவ வலி ஊசி போட்டு தானா வெளியேறிடுச்சு, அவங்களும் அதோட மறந்துட்டாங்க. சில வருஷம் கழிச்சு ரெண்டாவது வந்தப்போ தான் வெளிய வந்த கல்லை எடுத்து வெச்சு டெஸ்டுக்கு குடுத்தாங்க, கால்சியம் ஆக்ஸலேட்னு வந்துச்சு, அதாவது கால்சியமும், சாப்பாட்டுல இருந்தும் வர்ற ஆக்ஸலேட்ங்கற பொருளும் சேர்ந்து படிஞ்ச கல். பெரும்பாலானவங்களுக்கு வர்ற கல் இந்த வகை தான்.

24 மணி நேர சிறுநீர் டெஸ்டும் எடுத்திருக்காங்க. அதுல மொத்த அளவே 1 லிட்டருக்கு கொஞ்சம் மேல தான், கல் வர்றவங்களுக்கு 2.5 லிட்டர் போகணும்னு சொல்றாங்க, அதுல பாதி கூட இல்ல. கல் உருவாகறதை தடுக்கற சிட்ரேட் 200 மி.கி.க்கும் கீழ, ஒரு நாளைக்கு 320 மி.கி.க்கு குறைஞ்சாலே குறைவுன்னு தான் கணக்கு. சோடியம் ஜாஸ்தி. கால்சியம் நார்மல்ல மேல் விளிம்புல. ஆக்ஸலேட்டும் கொஞ்சம் ஏறியிருந்துச்சு, ஆனா அதை அப்போ யாரும் பெருசா எடுத்துக்கல.

கிட்னி டாக்டர் சொன்னது: தண்ணிய கூட்டுங்க, உப்பை குறைங்க, பால் தயிரை நிறுத்தாதீங்க, பொட்டாசியம் சிட்ரேட் மாத்திரை போடுங்க. பால் தயிரை நிறுத்தாதீங்கன்னு சொன்னா நிறைய பேருக்கு ஆச்சரியமா இருக்கும், கல்லுல கால்சியம் இருக்கே அதை ஏன் சாப்பிடணும்னு. சாப்பாட்டுல கால்சியம் இருந்தா அது குடல்லயே ஆக்ஸலேட்டை புடிச்சு மலத்தோட வெளிய அனுப்பிடும், கால்சியத்தை நிறுத்தினா அந்த ஆக்ஸலேட் ரத்தத்துல ஏறி கிட்னிக்கு வந்து சேரும், அவ்ளோ தான் விஷயம்.

எலுமிச்சை உள்ள வந்த கதை

மாத்திரை அவங்களுக்கு ஒத்துக்கல. வெறும் வயித்துல போட்டு குமட்டல், வயித்து எரிச்சல், ரெண்டு வாரத்துல நிறுத்திட்டாங்க. அடுத்த தடவ போனப்போ டாக்டர் சரி, மாத்திரை வேணாம்னா எலுமிச்சை சாறாவது எடுங்க, ஒரு நாலு பழம் பிழிஞ்சு நிறைய தண்ணில கலந்து குடிங்கன்னு சொல்லியிருக்காரு.

இது ஏதோ கை வைத்தியம் இல்ல. எலுமிச்சை சாறுல எடையில 5 சதவீதத்துக்கு பக்கமா சிட்ரிக் அமிலம் இருக்கு, பழங்கள்லயே ரொம்ப அதிகம்னு சொல்லலாம். சிட்ரேட் சிறுநீர்ல இருக்கற கால்சியத்தை புடிச்சு வெச்சுக்கும், அதனால அது ஆக்ஸலேட்டோட சேர்ந்து படிகமா மாறறது குறையும், ஏற்கனவே இருக்கற படிகம் வளர்றதையும் தடுக்கும். ஒரு நாளைக்கு 120 மி.லி. சாறு, 2 லிட்டர் தண்ணில கலந்து குடிக்கறதுன்னு ஒரு முறை 1990கள்ல இருந்தே கிட்னி டாக்டர்கள் கிட்ட இருக்கு. ஆனா மாத்திரைக்கு சமமா இதை நினைக்க கூடாது. மாத்திரையில சிட்ரேட் பொட்டாசியத்தோட சேர்ந்து வருது, உடம்பு அதை எரிக்கும்போது காரமா, அதாவது அமிலத்துக்கு எதிர் தன்மையா மாறுது, அந்த காரம் தான் கிட்னிய இன்னும் சிட்ரேட் வெளிய விட வைக்குது. எலுமிச்சையில பெரும்பங்கு வெறும் அமிலமா இருக்கறதால அந்த பலன் கம்மி. இதே காரணத்தால தான் புளிப்பு கம்மியா இருக்கற ஆரஞ்சு சாறு சிறுநீர்ல காரத்தன்மைய எலுமிச்சைய விட நல்லா ஏத்துது, ஆனா அதுல சர்க்கரையும் கலோரியும் கூடவே வரும்.

ஆசிரியைக்கு இது ரொம்ப புடிச்சு போச்சு. வீட்டுலயே தொட்டில ஒரு ஒட்டு எலுமிச்சை செடி வெச்சிருக்காங்க, நல்லா காய்க்குது. எலுமிச்சைக்கு தனி சீசன்னு இல்லாம வருஷத்துல பல தடவ பூக்கற குணம் இருக்கறதால ஒரே கிளையில பூவும் பிஞ்சும் பழமும் சேர்ந்து இருக்கும், அதனால பழத்துக்கு பஞ்சமே இல்ல. மருந்து செடியிலேயே காய்க்குதுன்னு அவங்களுக்கு ஒரு திருப்தி. டாக்டர் சொன்னதை அப்படியே, இன்னும் சொல்லப்போனா அதுக்கு மேலயே பண்ணாங்க.

எட்டாவது மாசம்

பச்சை தண்ணி பட்டா கூட பல்லு கூசுதுன்னு ஆரம்பிச்சிருக்கு. கூச்சத்துக்குன்னு விக்கற பேஸ்டை வாங்கி, இன்னும் நல்லா சுத்தமாகட்டும்னு அழுத்தி தேய்ச்சிருக்காங்க. குறையல. அப்புறம் தான் பல் டாக்டர் கிட்ட போனாங்க.

பல் டாக்டர் எழுதின குறிப்பு என்கிட்ட இருக்கு, ரொம்ப கவனமா பார்த்திருக்காங்க. மேல் முன்பல்லோட வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழன்னு, இயல்பா இருக்க வேண்டிய நுண்ணிய வரி எதுவும் இல்லாம இருந்துச்சு. பல் நுனி மெலிஞ்சு வெளிச்சம் ஊடுருவற மாதிரி ஆயிருந்துச்சு. கீழ் கடைவாய் பல்லோட கடிக்கற மேடுங்கள்ல சின்ன சின்ன குழி, குழிக்கு நடுவுல உள்ள இருக்கற மஞ்சள் நிற பகுதி தெரிஞ்சுச்சு. எனக்கு படிச்சதும் மனசுல நின்னது இன்னொன்னு: பல வருஷம் முன்னாடி ஒரு கடைவாய் பல்லுல வெச்ச ஃபில்லிங், வைக்கும்போது பல்லோட சமமா இருந்தது, இப்போ சுத்தி இருக்கற பல் இறங்கிட்டதால மேடா தனியா துருத்திட்டு நிக்குது. ஃபில்லிங் வளர்ல, பல்லு தான் கரைஞ்சிருக்கு. தேய்ச்சு தேஞ்சதா இருந்தா ஃபில்லிங்கும் கூடவே தேஞ்சிருக்கணும். அமிலத்துல தான் பல்லு மட்டும் போகும்.

அமிலம்னு முடிவானதும் அடுத்த கேள்வி, வெளிய இருந்து வந்ததா, வயித்துல இருந்து மேல வந்ததா. வயித்து அமிலம் எதுக்களிச்சு வர்றவங்களுக்கு மேல் முன்பல்லோட உள்பக்கம், அண்ணத்தை பார்த்த பக்கம் தான் முதல்ல அடிவாங்கும். இவங்களுக்கு அந்த பக்கம் பெரும்பாலும் நல்லா இருந்துச்சு, வெளிப்பக்கமும் கடிக்கற பரப்பும் தான் போயிருந்துச்சு. நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம் எதுவும் இல்லைன்னும் சொன்னாங்க. அப்போ வெளிய இருந்து தான். என்ன குடிக்கறீங்கன்னு கேட்டதும் கதை வெளிய வந்துடுச்சு.

பல் டாக்டர் எலுமிச்சைய அன்னிக்கே நிறுத்துங்கன்னு சொல்லிட்டாங்க. அவங்க பக்கம் இருந்து பார்த்தா சரி தான். ஆனா ஆசிரியை கிட்னி டாக்டருக்கு போன் பண்ணி கேட்டப்போ அவரு நிறுத்த வேணாம்னு சொல்லிட்டாரு, அதுவும் அவரு பக்கம் இருந்து சரி. ஏன்னா அதுக்கு முன்னாடி எடுத்த ரெண்டாவது 24 மணி நேர டெஸ்டுல சிறுநீர் 2 லிட்டருக்கு மேல போயிருக்கு, சிட்ரேட் 300ஐ தொட்டிருக்கு. ஒருத்தர் நிறுத்துன்னாரு, ஒருத்தர் தொடருன்னாரு, நடுவுல மாட்டினவங்களை தான் என்கிட்ட அனுப்பினாங்க.

அந்த பாட்டிலுக்குள்ள

எவ்ளோ குடிக்கறீங்கன்னு மட்டும் கேட்டிருந்தா நாலு பழம்னு பதில் வந்திருக்கும், அதோட முடிஞ்சிருக்கும். எப்படி குடிக்கறீங்க, காலைல எழுந்ததுல இருந்து சொல்லுங்கன்னு கேட்டேன்.

எழுந்ததும் வெறும் வயித்துல வெதுவெதுப்பான தண்ணில ஒரு பழம். குடிச்ச கையோட பல் தேய்க்கறது. அப்புறம் 1 லிட்டர் பாட்டில்ல சாறு கலந்து ஸ்கூலுக்கு எடுத்துட்டு போய், கிளாஸ் நடுவுல தொண்டை காயும்போதெல்லாம் ஒரு வாய், அரை மணிக்கு ஒரு தடவையாவது. சாயங்காலம் இன்னொரு பாட்டில். ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு டம்ளர், ஏன்னா ராத்திரி தான் சிறுநீர் கெட்டியாகும்னு எங்கயோ படிச்சிருக்காங்க. அது உண்மையும் கூட. ஆனா அதுக்கு வெறும் தண்ணியே போதும்.

பிஹெச்னா அமிலத்தன்மைய காட்டற எண், அது குறைய குறைய அமிலம் ஜாஸ்தி. பல் எனாமல், அதாவது பல்லோட கெட்டியான வெளி அடுக்கு, கரைய ஆரம்பிக்கற பிஹெச் 5.5க்கு பக்கம். எலுமிச்சை சாறோட பிஹெச் 2ல இருந்து 3க்குள்ள. நாங்க இவ்ளோ தண்ணி கலக்கறோமே, அப்புறம் என்ன அமிலம்னு தான் எல்லாரும் நினைக்கறது, அவங்களும் அதையே தான் கேட்டாங்க. என்கிட்ட பிஹெச் பார்க்கற காகித பட்டை இருந்துச்சு, அவங்க கொண்டு வந்த பாட்டில்ல இருந்து கொஞ்சம் ஊத்தி அதுல ஒன்னு, அப்போ பிழிஞ்ச சாறுல ஒன்னு முக்கி பக்கத்துல பக்கத்துல வெச்சோம். சாறுல முக்கினது நல்ல சிவப்பு, பாட்டில்ல முக்கினது அதை விட ஒரு சாயல் கம்மி சிவப்பு. 3ஐ ஒட்டித்தான் இருந்துச்சு. “இவ்ளோ தண்ணி ஊத்தியும் இறங்கலையா மேடம்?”னு அவங்க ரெண்டு பட்டையையும் மாத்தி மாத்தி பார்த்தாங்க. சிட்ரிக் அமிலம் வீரியம் கம்மியான அமில வகை, பத்து மடங்கு தண்ணி ஊத்தினாலும் பிஹெச் அரை புள்ளி அளவு தான் ஏறும். புளிப்பு நாக்குக்கு குறைஞ்சு போகுது, ஆனா பல்லை பொறுத்தவரைக்கும் அது இன்னும் ஆபத்தான எல்லைக்குள்ள தான் இருக்கு.

எச்சில் தான் வாய்க்குள்ள இதை சரி பண்ணுது, அமிலத்தை கழுவி பிஹெச்சை திரும்ப ஏத்தும், அதுக்கு அரை மணி நேரமாவது வேணும். அரை மணிக்கு ஒரு வாய் குடிச்சா அந்த நேரமே கிடைக்காது. தூக்கத்துல எச்சில் சுரக்கறது கிட்டத்தட்ட நின்னுடும், அதனால படுக்கும்போது குடிச்ச டம்ளர் ரொம்ப நேரம் பல்லுல உக்காந்திருக்கும். பேசி பேசி வாய் காயற வேலை வேற. வெதுவெதுப்பா குடிச்சா கரையற வேகமும் கூடும். அமிலம் பட்டு மெத்துன்னு ஆன மேல்பரப்பை உடனே பிரஷ் வெச்சு தேய்ச்சா அதுவும் உரிஞ்சு போகும். ஒவ்வொன்னும் தனியா இருந்தா பல்லு ஓரளவு தாங்கியிருக்கும், இவங்களுக்கு எல்லாம் ஒன்னா சேர்ந்துடுச்சு.

பேச்சு போக்குல இன்னும் ரெண்டு வெளிய வந்துச்சு. ஒன்னு, ருசிக்கு உப்பு. ரெண்டு பாட்டிலுக்கும் சேர்த்து அரை டீஸ்பூன். சாப்பாட்டுல உப்பை கஷ்டப்பட்டு குறைச்சவங்க எலுமிச்சை தண்ணில போடறதை உப்பு கணக்குலயே சேர்க்கல, அது மருந்து தானேன்னு. அரை டீஸ்பூன் உப்புல 1,100 மி.கி.க்கு மேல சோடியம் இருக்கு. சோடியம் கூடினா கிட்னி கால்சியத்தையும் சேர்த்து வெளிய விடும், 2,300 மி.கி. சோடியத்துக்கு சராசரியா 40 மி.கி. கால்சியம் சிறுநீர்ல கூடும்னு கணக்கு, சிட்ரேட்டையும் குறைக்கும். ரெண்டாவது டெஸ்டுல சிட்ரேட் ஏறியும் சோடியம் இறங்காம நின்னது ஏன்னு அப்போ தான் புரிஞ்சுச்சு.

இன்னொன்னு வைட்டமின் சி மாத்திரை, தினம் 1,000 மி.கி., சளி புடிக்காம இருக்கன்னு ரொம்ப நாளா போட்டுட்டு இருக்காங்க. உடம்பு கூடுதலா வர்ற வைட்டமின் சியில ஒரு பங்கை ஆக்ஸலேட்டா மாத்தும், கல் வர்ற உடம்புக்கு இது வேண்டாத வேலை. 100 மி.லி. எலுமிச்சை சாறுல கிட்டத்தட்ட 39 மி.கி. வைட்டமின் சி இருக்கு, அவங்க குடிக்கற 120 மி.லி.லயே ஒரு நாள் தேவையில பாதிக்கு மேல வந்துடும். அந்த ஒரு மாத்திரைக்கு சமமா சாறு குடிக்கணும்னா 2.5 லிட்டர் சாறு வேணும், தண்ணி கலக்காம. எலுமிச்சைன்னா வைட்டமின் சின்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா கல்லுக்கு உதவறது அதுல இருக்கற சிட்ரேட் தான், வைட்டமின் சி இல்ல. இந்த குழப்பத்துல ரெண்டையும் சேர்த்து எடுக்கறவங்களை நான் அடிக்கடி பார்க்கறேன்.

நாலு பழம்ங்கற கணக்கும் சரியா இல்ல. அவங்க செடியில இருந்தே ஒரு பை பழம் கொண்டு வந்திருந்தாங்க, பிழிஞ்சு அளந்து பார்த்தோம். தோல் தடிச்சு சொரசொரன்னு இருந்த பழத்துல 20 மி.லி. கூட வரல, தோல் மெலிசா வழவழன்னு கையில கனமா இருந்த பழம் 40ஐ தாண்டுச்சு. அப்போ நாலு பழம்னா சில நாள் 80, சில நாள் 160. காயா பறிச்சு வெச்சா அப்புறம் சாறு ஏறிடும்னும் நினைச்சிருந்தாங்க, எலுமிச்சை பறிச்சப்புறம் பழுக்கற வகை இல்ல, நிறம் மாறும், உள்ள இருக்கறது அவ்ளோ தான்.

எடுத்த முடிவுகள்

மூணு பேரும் பேசினோம், நேர்ல இல்ல, கடிதம் மூலமாவும் ஒரு போன் கால்லயும். எலுமிச்சைய நிறுத்தறதா வேணாமான்னு பேசறதை விட்டுட்டு, கிட்னிக்கு தேவை மொத்த அளவு தானே, பல்லுக்கு கெடுதல் எத்தனை தடவ எவ்ளோ நேரம் படுதுங்கறது தானே, அப்போ அளவை வெச்சுக்கிட்டு தடவைய குறைக்கலாம்னு முடிவு பண்ணோம். பல் டாக்டருக்கு முழு சம்மதம் இல்ல, ஆறு மாசம் பார்ப்போம், பல்லு இன்னும் இறங்கினா கண்டிப்பா நிறுத்தணும்னு நிபந்தனையோட ஒத்துக்கிட்டாங்க. அது நியாயமான நிபந்தனை.

அதன்படி பாட்டில்ல இனிமே வெறும் தண்ணி மட்டும். சாறு 120 மி.லி.ய அளந்து ரெண்டா பிரிச்சு, மதியம் ஒரு பாதி, ராத்திரி சாப்பாட்டோட ஒரு பாதி, ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணில கலந்து ஸ்ட்ரா வெச்சு, ஸ்ட்ரா நுனி முன்பல்லை தாண்டி உள்ள இருக்கற மாதிரி, வாய்ல வெச்சு ருசி பார்க்காம சட்டுனு முடிச்சுடணும். உடனே வெறும் தண்ணில கொப்பளிக்கணும், பிரஷ்ஷை ஒரு மணி நேரம் தொடக்கூடாது. சாப்பாட்டோட எடுக்க சொன்னதுக்கு காரணம் மெல்லும்போது எச்சில் நல்லா சுரக்கும், கூடவே தயிரோ பாலோ இருந்தா அதுல இருக்கற கால்சியம் வாய்ல பல்லுக்கும் ஆகும், குடல்ல ஆக்ஸலேட்டுக்கும் ஆகும். கடைசி டம்ளரும், எழுந்ததும் குடிக்கறதும் கட். உப்பு கட். வைட்டமின் சி மாத்திரை கட். பல் டாக்டர் ஃப்ளூரைடு பூச்சு பூசினாங்க, ஃப்ளூரைடு கூடுதலா இருக்கற பேஸ்ட் எழுதி குடுத்தாங்க, ஆழமா இருந்த ரெண்டு குழிய மட்டும் அடைச்சாங்க.

கிட்னி டாக்டர் பொட்டாசியம் சிட்ரேட்டை திரும்ப ஆரம்பிச்சாரு, பழைய அளவுல பாதி, சாப்பாட்டுக்கு அப்புறம். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரத்தத்துல பொட்டாசியம், கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியாட்டினின் ரெண்டும் பார்த்தாரு. கிட்னி வேலை குறைஞ்சவங்களுக்கும் சில பிபி மாத்திரை எடுக்கறவங்களுக்கும் பொட்டாசியம் ஏறினா இதயத்துக்கே ஆபத்து, அதனால யாரும் தானா வாங்கி போட வேண்டிய மாத்திரை இல்ல இது.

நடந்தது

மாத்திரை இந்த தடவ ஒத்துக்கிச்சு. மூணு மாசம் கழிச்சு எடுத்த டெஸ்டுல சிறுநீர் 2.4 லிட்டர், சிட்ரேட் 400க்கு மேல, சோடியம் முதல் தடவையா நல்லா இறங்கியிருந்துச்சு, ஆக்ஸலேட் நார்மலுக்குள்ள. இதுல எலுமிச்சையோட பங்கு எவ்ளோ, மாத்திரையோட பங்கு எவ்ளோன்னு பிரிச்சு சொல்ல வழியில்ல, எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்திட்டோம். ஒரு வருஷ ஸ்கேன்ல புது கல் இல்ல. கிட்னிக்குள்ள ஏற்கனவே இருந்த ஒரு சின்ன கல் அதே அளவுல இருக்கு.

பல் கூச்சம் ரெண்டு மாசத்துலயே நல்லா குறைஞ்சுடுச்சு. ஆறு மாசம் கழிச்சு எடுத்த போட்டோவையும் அச்சையும் பழசோட வெச்சு பார்த்தப்போ குழி ஆழமாகல, அந்த ஃபில்லிங் மேடு அப்படியே தான் இருக்கு. ஆனா போன எனாமல் போனது தான், அது திரும்ப வளராது. நுனி மெலிஞ்ச முன்பல்லை என்ன பண்றதுன்னு பின்னாடி முடிவு பண்ணலாம்னு விட்டிருக்காங்க.

இனிமே மாத்திக்க போறது

எலுமிச்சை சாறு எழுதி குடுக்கும்போது அளவோட சேர்த்து முறையையும் எழுதி குடுக்கணும். மாத்திரைன்னா சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு எழுதறோம், பழம்ங்கறதால யாரும் எழுதறதில்ல. எங்க தாள்ல இப்போ பழத்தோட எண்ணிக்கை எடுத்துட்டு மி.லி. போட்டாச்சு. மாசக்கணக்குல குடிக்க போறவங்களை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒரு தடவ பல் டாக்டர் பார்த்து போட்டோ எடுத்து வெச்சா பின்னாடி ஒப்பிட ஏதாவது இருக்கும், இவங்க விஷயத்துல அந்த ஃபில்லிங் இல்லைன்னா எவ்ளோ கரைஞ்சதுன்னு கண்டுபுடிக்கவே முடிஞ்சிருக்காது. என்ன குடிக்கறீங்கன்னு கேட்கறதோட அதுல என்ன கலக்கறீங்கன்னும் கேட்கணும், உப்பாவும் இருக்கலாம் சர்க்கரையாவும் இருக்கலாம்.

முடியாம நிக்கறது ஒன்னு இருக்கு. தும்மலுக்கு தினம் ராத்திரி ஒரு அலர்ஜி மாத்திரை போடறாங்க, அதை போட்டா வாய் காயும். இது கடைசி சந்திப்புல, கிளம்பற நேரத்துல தான் சொன்னாங்க. எச்சில் குறைஞ்சதுக்கு பேச்சு வேலைய மட்டுமே காரணமா நாங்க நினைச்சுட்டு இருந்தோம். அதை எழுதி குடுத்த டாக்டருக்கு கடிதம் போயிருக்கு, வேற மாத்திரைக்கு மாத்த முடியுமான்னு கேட்டு. அடுத்த பல் பரிசோதனை அது தெரிஞ்சதுக்கு அப்புறம் வெச்சிருக்கோம்.